படப்பிடிப்பில் முதல் வேலை: ரெஸ்யூமே எழுதுவது எப்படி?

உங்கள் ரெஸ்யூமேயை இயக்குநர் படிக்கப்போவதில்லை. பெரும்பாலும் தயாரிப்பாளரும் படிக்கமாட்டார். படிக்கப்போகிறவர் புரொடக்‌ஷன் அலுவலகத்தில் இருக்கும் கோ-ஆர்டினேட்டரோ மேனேஜரோதான். லொகேஷன் அனுமதி, வண்டி, சாப்பாடு, வாடகைக் கேமரா என்று நூறு வேலைகளுக்கு நடுவில், அடுத்த வாரமோ நாளைக் காலையோ ஓர் ஆள் குறைகிறது என்பதற்காக அவர் உங்கள் கோப்பைத் திறக்கிறார். அவருக்குத் தெரியவேண்டியவை ஐந்து: எந்த வேலைக்கு வருகிறீர்கள், எந்த ஊரில் இருக்கிறீர்கள், எப்போதிலிருந்து வர முடியும், இதற்கு முன் செட்டில் நின்றிருக்கிறீர்களா, உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம். இந்த ஐந்தும் தேடாமலே கண்ணில் பட வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

முதலில் வேலையின் பெயரை முடிவுசெய்யுங்கள்

"சினிமாத் துறையில் ஏதாவது ஒரு வாய்ப்பு" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஆள் தேடுகிறவரிடம் இருப்பது பிரிவுவாரியான பட்டியல். உங்கள் பெயர் அதில் ஒரு கட்டத்துக்குள் உட்கார வேண்டும். தொடக்க நிலை வேலைகளைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்: செட்டில் ஓடியாடும் வேலை, அலுவலகத்தில் தாள்களையும் கணக்கையும் பார்க்கும் வேலை, கேமரா, ஒலி, கலை, உடை போன்ற பிரிவுகளில் பயிற்சியாளர் (டிரெய்னி, அதாவது கற்றுக்கொண்டே வேலை செய்பவர்) வேலை, படப்பிடிப்புக்குப் பிந்தைய எடிட்டிங் அறை வேலை.

பெயர்களில் கவனம் தேவை. அமெரிக்கப் பழக்கத்தில் 'புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்', சுருக்கமாகப் பிஏ. பிரிட்டன் பழக்கத்தில் அதே ஆள் 'ரன்னர்'. விளம்பரத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே உங்கள் தாளிலும் எழுதுங்கள். 'உதவி இயக்குநர்' என்ற சொல்தான் அதிகம் குழப்பும். சில திரைத்துறைகளில் புதிதாக வருகிறவர் சேருவதே அந்தப் பெயரில்தான். வேறு சில இடங்களில் முதல் உதவி இயக்குநர் என்றால் மொத்த அட்டவணையையும் செட்டின் ஓட்டத்தையும் கையில் வைத்திருக்கும், பல வருட அனுபவமுள்ள ஆள். நண்பரின் குறும்படத்தில் இரண்டு நாள் உதவியதை 'முதல் உதவி இயக்குநர்' என்று எழுதி அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பினால், மிகையாகச் சொல்கிறீர்கள் என்றோ துறையைப் பற்றித் தெரியாதவர் என்றோதான் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு விதமான வேலைகளுக்கு முயற்சி செய்தால் இரண்டு ரெஸ்யூமே எழுதுங்கள். கேமராப் பயிற்சியாளர் வேலைக்கான தாளில் கேமரா தொடர்பான வரிகள் மேலே வரட்டும். அலுவலக வேலைக்கான தாளில் கணக்கும் அட்டவணையும் மேலே வரட்டும். ஒரே தாளில் எழுத்தாளர், எடிட்டர், நடிகர், ஒளிப்பதிவாளர் என்று எல்லாவற்றையும் அடுக்கினால், எதற்குக் கூப்பிடுவது என்று தெரியாமல் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார்கள்.

பக்கத்தின் தலை

ஒரு பக்கம் போதும். தொடக்க நிலையில் இரண்டாவது பக்கத்துக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. மேலே நான்கு வரிகள்:

உங்கள் பெயர்
செட் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்
ஊர் | செல்பேசி எண் | மின்னஞ்சல்
கார், வேன் ஓட்டுவேன் | மார்ச் 3 முதல் வரலாம் | இரவுப் படப்பிடிப்புக்கும் தயார்

வீட்டு எண், தெரு எதுவும் வேண்டாம். ஊர் மட்டும் போதும். ஆனால் ஊரை விட்டுவிடவே கூடாது. வெளியூர் ஆளை எடுத்தால் பயணச் செலவும் தங்கும் செலவும் தயாரிப்பின் தலையில் விழும். அதனால் படப்பிடிப்பு நடக்கும் ஊரிலேயே இருக்கும் ஆள்தான் தொடக்க நிலை வேலைகளுக்கு முதல் தேர்வு. நீங்கள் வெளியூர்க்காரராக இருந்து, அங்கே சொந்தச் செலவில் தங்க இடம் இருந்தால், அதை ஒரே வரியில் சொல்லுங்கள்: 'படப்பிடிப்பு ஊரில் தங்குமிடம் உண்டு.' இல்லாத தங்குமிடத்தை இருப்பதாக எழுதாதீர்கள். காலை 5 மணி அழைப்புக்கு முதல் நாளே தாமதமானால் மறுநாள் அழைப்பு வராது.

வேறு நாட்டில் வேலை தேடுகிறவர்கள் செல்பேசி எண்ணோடு நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதி, வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும். தாளை அனுப்பும் முன் அதில் இருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் தவறியதால் கை நழுவும் வாய்ப்புகள் கொஞ்சமில்லை. அந்தத் தவறு உங்களுக்குத் தெரியவும் வராது.

'என் குறிக்கோள்' என்று தொடங்கும் பத்தியை எழுத வேண்டாம். சினிமா மேல் உங்களுக்குள்ள காதல் உண்மையானதாகவே இருக்கலாம். வந்து குவியும் எல்லாத் தாள்களிலும் அது இருப்பதால் அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கிரெடிட் பகுதி: தாளின் முதுகெலும்பு

கிரெடிட் என்பது நீங்கள் இதுவரை வேலை செய்த படைப்புகளின் பட்டியல். மற்றத் துறைகளின் ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே நாலைந்து வரி விளக்கம் இருக்கும். படப்பிடிப்புத் துறையில் ஒரு வேலைக்கு ஒரு வரிதான். நான்கு விவரங்கள், எப்போதும் ஒரே வரிசையில்:

படத்தின் அல்லது தொடரின் பெயர் – உங்கள் பொறுப்பு – வகையும் நாள் கணக்கும் – தயாரிப்பு நிறுவனம் அல்லது இயக்குநர்

புதியது மேலே, பழையது கீழே. வகை என்பது திரைப்படம், குறும்படம், இணையத் தொடர், விளம்பரம், இசைக் காணொளி, ஆவணப்படம், மாணவர் படம் என்பதைக் குறிக்கும். நாள் கணக்கைப் பலர் எழுதுவதில்லை. தொடக்க நிலையில் இருப்பவர் அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து. 'குறும்படம், 4 நாள்' என்று எழுதும்போது, நான்கு முழு நாள் செட்டில் தாக்குப்பிடித்தவர் என்று அர்த்தம். 12 மணி நேரப் படப்பிடிப்பு நாள் பல இடங்களில் சாதாரணம். முதல் நாள் வந்துவிட்டு இரண்டாம் நாள் வராமல் போகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அந்த எண் ஒரு நல்ல சேதி.

மாணவர் படத்தை மாணவர் படம் என்றே குறியுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. அதை மறைத்து, விசாரிக்கும்போது தெரியவந்தால்தான் சிக்கல். பொறுப்பின் பெயரிலும் இதே நேர்மை வேண்டும். கேமராப் பிரிவில் ஃபோகஸ் பிடிப்பவர் முதல் உதவியாளர். கிளாப் அடித்து, லென்ஸ் எடுத்துக் கொடுத்து, நடிகர் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து வைப்பவர் இரண்டாம் உதவியாளர். பேட்டரி சார்ஜ் செய்து, பெட்டி தூக்கிக் கற்றுக்கொள்பவர் பயிற்சியாளர். நீங்கள் செய்தது மூன்றாவது என்றால் 'கேமராப் பயிற்சியாளர்' என்று எழுதுங்கள். ஒரு யூனிட்டில் வேலை பார்த்தவர் அடுத்த யூனிட்டிலும் இருப்பார், ஒரே ஒரு போன் அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். அதைவிட மோசம், அந்தப் பொய்யை நம்பி உங்களிடம் ஃபோகஸைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு முழு யூனிட்டும் நஷ்டப்படும்.

சொந்தமாக இயக்கிய குறும்படங்கள் இருந்தால்? எழுதலாம், ஆனால் உச்சியில் வேண்டாம். ரன்னர் வேலைக்கு வரும் தாளின் முதல் வரியே 'எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, தயாரிப்பு' என்றிருந்தால், படிப்பவருக்கு ஒரு பயம் வரும்: இவர் தண்ணீர் கேன் தூக்கச் சொன்னால் தூக்குவாரா, மானிட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாரா? மற்றவர்களின் படப்பிடிப்பில் செய்த உதவிகள் மேலே இருக்கட்டும். சொந்தப் படங்கள் கீழே இரண்டே வரியில் வரட்டும்.

இன்னும் வெளிவராத படைப்பில் வேலை செய்திருந்தால், நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். பெயரை வெளியிடக் கூடாது என்றிருந்தால் 'பெயர் அறிவிக்கப்படாத தொடர்' என்று போட்டு, பொறுப்பையும் நாள் கணக்கையும் மட்டும் எழுதுங்கள். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்பதும் இந்தத் துறையில் ஒரு தகுதிதான்.

பெயர்களின் எழுத்துகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒவ்வொரு நாளும் யூனிட்டுக்கு அனுப்பப்படும் கால் ஷீட்டில் (அன்றைய படப்பிடிப்பு விவரத் தாளில்) படத்தின் பெயர், நிறுவனம், இயக்குநர், பிரிவுத் தலைவர்கள் எல்லாம் சரியான எழுத்தில் இருக்கும். அதை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் பகிரக் கூடாது. தாள் போய்ச் சேரும் மேனேஜர் அதே இயக்குநருடன் முன்பு வேலை செய்தவராக இருந்தால், பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

செட் அனுபவமே இல்லையா?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், இங்கேதான் நல்ல தாள் எழுதவும் நிறைய இடம் இருக்கிறது. செட்டில் தொடக்க நிலை ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டேக் ஓடும்போது தெரு முனையில் நின்று ஆள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறார். இதை 'லாக்-அப்' என்பார்கள். அன்றைய காட்சிகளின் வசனத் தாள்களைச் சிறிய அளவில் அச்சடித்து விநியோகிக்கிறார். நடிகரை மேக்கப் அறையிலிருந்து செட்டுக்கு அழைத்து வருகிறார். வாக்கி-டாக்கிகளை எண்ணிக் கொடுத்து, இரவில் எண்ணி வாங்கி, சார்ஜில் போடுகிறார். கையில் கொடுத்த சில்லறைச் செலவுப் பணத்துக்கு ரசீது வைக்கிறார். வாங்கிய பணமும், ரசீதுகளோடு மீதிப் பணத்தைக் கூட்டிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வேலைகளோடு ஒட்டும் எந்த அனுபவமும் எழுதத் தகுந்ததே.

ஓர் உதாரணம் பார்ப்போம். உணவகத்தில் வேலை பார்த்தவர் பொதுவாக எழுதுவது இது:

'உணவகத்தில் பரிமாறுபவராகப் பணியாற்றி, குழுவாகச் செயல்படும் திறனையும் தகவல்தொடர்புத் திறனையும் வளர்த்துக்கொண்டேன்.'

இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே வேலையை இப்படி எழுதலாம்:

'உணவகம், பரிமாறுபவர், 2022–2024. வார இறுதி இரவுகளில் 12 மேசைகளைத் தனியாகக் கவனித்தேன். ஒவ்வாமை உள்ளவர்களின் தட்டுகளைத் தனியாகக் குறித்துச் சமையலறையில் சரிபார்த்தேன். கடை மூடும்போது ரொக்கத்தை எண்ணி, பில்களோடு ஒப்பிட்டு ஒப்படைத்தேன்.'

இரண்டாவதைப் படிக்கும் கோ-ஆர்டினேட்டருக்கு உடனே மூன்று விஷயம் புரிகிறது. இவர் இரவு நேர வேலைக்குப் பழகியவர். 60 பேர் சாப்பாட்டுப் பட்டியலில் யாருக்கு எது ஆகாது என்பதைக் கவனிப்பார். பணத்தைக் கையில் கொடுக்கலாம். 'செட்' என்ற சொல்லே வராமல் செட்டுக்கு ஏற்ற ஆள் என்று தெரிந்துவிட்டது.

இதே முறையில் மற்ற வேலைகளையும் மாற்றி எழுதலாம். பார்சல் கொண்டு சேர்த்தவர் ஒரு நாளில் எத்தனை இடங்களுக்குப் போனார், எந்த வகை வண்டி ஓட்டினார் என்று எழுதட்டும். விழா ஏற்பாட்டில் இருந்தவர் எத்தனை விருந்தினர், எத்தனை நாற்காலி, எத்தனை மணிக்குள் மேடை தயாரானது என்று எழுதட்டும். மருத்துவமனை வரவேற்பில் இருந்தவர் பதற்றத்தில் வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசியதையும் தகவலை வெளியே விடாமல் காத்ததையும் எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு வினை, ஓர் எண்ணிக்கை, முடிந்தால் ஒரு விளைவு. எண்களை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். 12 மேசையே போதும், அதை 40 ஆக்கினால் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மாணவர் படங்களுக்கும் குறைந்த செலவுக் குறும்படங்களுக்கும் எப்போதும் ஆள் தேவை. மூன்று வார இறுதிகளை ஒதுக்கி மூன்று படப்பிடிப்புகளில் நின்றால் கிரெடிட் பகுதியில் மூன்று நேர்மையான வரிகள் கிடைக்கும். விசாரிக்க மூன்று பெயர்களும் கிடைக்கும்.

திறன்கள்: கேட்டால் செய்து காட்ட முடிந்தவை மட்டும்

ஓட்டுநர் உரிமத்தை முதலில் எழுதுங்கள். கார் மட்டுமா, வேனுமா, கையால் கியர் மாற்றும் வண்டி ஓட்டத் தெரியுமா என்பது வரை சொல்லுங்கள்; வேன் ஓட்டத் தெரிந்த ரன்னருக்கு எப்போதும் தேவை இருக்கும். பேசத் தெரிந்த மொழிகளையும், முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் அது எந்த மாதம் வரை செல்லும் என்பதையும் எழுதுங்கள். கணக்குத்தாள் மென்பொருளில் என்ன செய்வீர்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: 'எக்செல்' என்று விட்டுவிடாமல் 'எக்செல்: செலவுப் பட்டியல், வடிகட்டுதல், கூட்டல் சூத்திரங்கள்'.

வாக்கி-டாக்கி பழக்கம் உண்டு என்று எழுதினால், பேசுவதற்கு முன் பொத்தானை அழுத்தி ஒரு கணம் நிறுத்த வேண்டும், கேட்டது புரிந்தால் 'காப்பி' என்று பதில் சொல்ல வேண்டும், நீளமான பேச்சை வேறு சேனலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முதல் சொல் வெட்டுப்பட்டுக் கேட்பதற்குக் காரணமே அந்தக் கண இடைவெளி விடாததுதான்.

எடிட்டிங் அறை வேலைக்குப் போகிறவர்கள் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அவிட், பிரீமியர், டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றில் எதில் என்ன செய்தீர்கள்? 'டைம்கோட் வைத்தும் கிளாப் வைத்தும் ஒலி-ஒளி இணைத்தல், பிராக்ஸி உருவாக்குதல், பின் அடுக்குதல்' என்று எழுதினால் வேலை தெரிந்தவர் என்று புரியும். (டைம்கோட் என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேர எண்; பிராக்ஸி என்பது எடிட்டிங்குக்கான எடை குறைந்த பிரதி; பின் என்பது கிளிப்புகளை வகைபிரித்து வைக்கும் கோப்புறை.) ஃபுட்டேஜ் (படம்பிடித்த காட்சிகள்) பாதுகாப்புப் பற்றிக் கேட்பார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். காப்பி செய்ததும் செக்சம் (பிரதி மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்காமல் மெமரி கார்டை அழிக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த புதியவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்தே இதில் பெரும்பகுதியை வீட்டில் பழகலாம்.

தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குத் திறன் பட்டியல் வேறு. நேரலை நிகழ்ச்சியில் விருந்தினரைச் சரியான நிமிடத்தில் தளத்துக்குக் கொண்டுவருவது, நிகழ்ச்சி நிரல் மாறும்போது புதிய பிரதியை எல்லாருக்கும் கொடுத்துப் பழையதைத் திரும்பப் பெறுவது, பங்கேற்பாளரிடம் சம்மதப் படிவம் வாங்குவது போன்றவை முக்கியம். பழைய நிரல் ஒருவர் கையில் தங்கிவிட்டாலும் நேரலையில் குளறுபடி ஆகும்.

'போட்டோஷாப் 80%' என்று பட்டை வரைவதை விட்டுவிடுங்கள். எதில் எண்பது சதவீதம் என்று யாருக்கும் தெரியாது.

எடுத்துவிட வேண்டியவை

புகைப்படம், உயரம், எடை நடிகர்களின் தாளுக்கு உரியவை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தேவையில்லை. பிறந்த தேதி, குடும்ப விவரம், அடையாள அட்டை எண், வங்கி எண் எதுவும் ரெஸ்யூமேயில் இருக்கக் கூடாது. வேலை உறுதியான பிறகு கணக்குப் பிரிவு கேட்கும்போது கொடுத்தால் போதும். 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி வரியும் கையொப்பமும் வேண்டாம். படிப்பு ஒரே வரி. சினிமாப் படிப்பு இல்லையென்றால் அதற்காக வருத்தம் தெரிவிக்கும் வரியும் வேண்டாம்.

'பரிந்துரையாளர் விவரம் கேட்டால் தரப்படும்' என்ற வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பேரின் பெயர், பொறுப்பு, தொடர்பு எண் போடுங்கள். முன்கூட்டியே அவர்களிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். புகழ்பெற்ற இயக்குநர் உங்களை நினைவில் வைத்திருக்கமாட்டார். உங்களோடு நான்கு நாள் வெயிலில் நின்ற இரண்டாம் உதவி இயக்குநர் சொல்லும் 'நல்ல ஆள், நேரத்துக்கு வருவார்' என்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

கோப்பும் அதன் சோதனையும்

எழுத்தளவு 10.5 அல்லது 11, பெயர் மட்டும் 16 அளவில். ஓரங்களில் 2 செ.மீ. இடம். ஒரு எழுத்துருவே போதும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வேர்டு கோப்பு அடுத்தவர் போனில் திறக்கும்போது வரிகள் இடம் மாறும். தமிழில் எழுதுவதானால் யூனிகோட் எழுத்துருவே பயன்படுத்துங்கள். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும்.

பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளால் வடிகட்டுவது உண்டு. இரண்டு நெடுவரிசை வடிவமைப்பு, எழுத்துப் பெட்டிகள், படமாக ஒட்டிய தலைப்பு ஆகியவற்றில் அந்த மென்பொருள் தடுமாறும். சோதிப்பது சுலபம்: பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலைந்தாலோ எழுத்து உடைந்தாலோ அங்கேயும் அப்படித்தான் போய்ச் சேரும். அலங்காரத்தை எடுத்துவிட்டு ஒரே நெடுவரிசையாக மாற்றுங்கள். பிறகு போனில் திறந்து, பெரிதாக்காமல் மேல் நான்கு வரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். நிறையப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும். 'ரெஸ்யூமே புதியது 3' என்று ஒரே மாதிரி இருபது கோப்புகள் அவருடைய கணினியில் ஏற்கெனவே கிடக்கின்றன.

அனுப்புவதும் அதற்குப் பிறகும்

மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே வேலை, பெயர், ஊர், வரக்கூடிய தேதி நான்கையும் சொல்லுங்கள். உள்ளே ஐந்தாறு வரி போதும். எந்தப் படைப்புக்காக, எப்படித் தெரிந்தது, என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லி, ஒரு நாளுக்கு மட்டும் கூடுதல் ஆள் தேவைப்பட்டாலும் வரத் தயார் என்று முடியுங்கள். இந்தக் கடைசி வரி முக்கியம். கூட்டக் காட்சி இருக்கும் நாளிலும், இரண்டாம் யூனிட் (வேறு காட்சிகளைத் தனியாக எடுக்கும் கூடுதல் குழு) ஓடும் நாளிலும் திடீரென்று ஆட்கள் தேவைப்படுவார்கள். அப்படி ஒரு நாளுக்கென்று போனவர்கள்தான் பெரும்பாலும் அடுத்த படத்துக்கு முழுநேரமாகக் கூப்பிடப்படுகிறார்கள்.

பணியாளர்களைச் சேர்ப்பது படப்பிடிப்புக்கு முந்தைய சில வாரங்களில் வேகமெடுக்கும். அந்த நேரத்தில் அழைப்பு இரவு 9 மணிக்கும் வரலாம். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். தவறவிட்டதைப் பார்த்தவுடன் திரும்பக் கூப்பிடுங்கள். பதிலே வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, மூன்று வரியில் நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வேலை கிடைத்து முடிந்ததும், அந்த வாரமே தாளைத் திறந்து புதிய வரியைச் சேர்த்துவிடுங்கள். பழைய உணவக வரிகளில் ஒன்றைக் குறைத்து இடம் பண்ணுங்கள். உங்களைச் சேர்த்துக்கொண்டவரிடம் அவர் பெயரைப் பரிந்துரைக்குப் போடலாமா என்று கடைசி நாளிலேயே நேரில் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனில் கேட்டால், நீங்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.